சொல் வேண்டும்: வண்டல் குளமா, படிகுளமா?

சிங்கப்பூர், திங்கள்

அனைவருக்கும் வணக்கம். ஒரு கட்டுமானத் தளத்துக்குத் தமிழ் அறிவிப்புப் பலகை எழுதுகிறேன். வியாழன் அச்சுக்குப் போக வேண்டும். தளத்தில் விழும் மழைநீர் ஒரு குளத்தில் தங்கி, மண்ணை அடியில் விட்ட பிறகுதான் வடிகாலுக்குப் போகலாம். போகிற நீரில் மிதக்கும் மண் லிட்டருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இங்கே சட்டம். ஊழியர்கள் 'சில்ட் பாண்ட்' என்கிறார்கள். 'வண்டல் குளம்' என்று எழுதலாமா?

மதுரை

தம்பி, வண்டல் வேண்டாம். எங்கள் பக்கம் அது கண்மாயில் வெட்டி வண்டியில் ஏற்றி வயலுக்கு அடிப்பது. உரம். சிவகங்கைக்காரர் அதைக் கழிவாக நினைக்கவே மாட்டார். கண்மாய் நீரைத் திறந்துவிடும் பழைய மதகான குமிழித்தூம்பில் மேல்துளை நீரோடி, கீழ்த்துளை சேறோடி. கையில் இருக்கிற சொல்லை எடுங்கள்: சேறோடி.

கோவை

அம்மா, சேறோடி சேற்றை வெளியே ஓட்டுவது. இங்கே சேறு உள்ளேயே நிற்க வேண்டும், பொருள் தலைகீழாகிவிடும். என் பரிந்துரை 'படிகுளம்'. மண் படிகின்ற குளம். வினைத்தொகை, ஆகவே க் மிகாது. இல்லையென்றால் 'தேற்றுகுளம்'. கலித்தொகையின் நெய்தற்கலியில் இல்லத்துக் காழ் கொண்டு கலங்கிய நீரைத் தேற்றுவது, அதாவது தெளியவைப்பது, வருகிறது. அங்கே இல்லம் வீடல்ல, தேற்றா மரம். காழ் அதன் கொட்டை. தெளிந்த கள்ளுக்குத் தேறல் என்று பெயர் வந்ததையும் பாருங்கள்.

சிங்கப்பூர், புதன் இரவு

தேற்றுகுளம் அழகான சொல், பொருத்தமும்கூட. துகளின் விட்டம் பாதியானால் அது அடியில் இறங்கும் வேகம் கால்பங்காகிவிடும். நுண்ணிய களிமண் நாள்கணக்கில் இறங்காது. மருந்து போட்டுத்தான் தெளியவைக்கிறோம். அந்தக் கொட்டை செய்த வேலைதான்.

ஆனால் பலகையைப் படிப்பவர் கொட்டும் மழையில் நிற்பவர். நேற்று தளத்துக்குப் போய் எல்லாச் சொல்லையும் படித்துக் காட்டினேன். படிகுளம் என்றதும், "படிக்கட்டு எந்தப் பக்கம்?" என்று ஒருவர் கேட்டார். காதுக்குப் படிகுளமும் படிக்குளமும் ஏறக்குறைய ஒன்றுதான். அப்புறம் அவரே குளத்துக்குள் நட்டிருந்த அளவுகோலைக் காட்டினார். அதில் ஒரு சிவப்புக் கோடு. மண் அதைத் தொட்டால் அள்ளியாக வேண்டும். அள்ளாவிட்டால் நீர் தங்க இடமிருக்காது, கலங்கலாகவே வெளியேறும். "மண்ணு தங்குற குளம், அவ்வளவுதான்" என்றார்.

'மண் தங்கும் குளம்' என்றே நாளை அனுப்புகிறேன்.

கோவை

அது விளக்கம், கலைச்சொல் ஆகாது. அதன் கொள்ளளவு, ஆழம், பராமரிப்பு என்று தொடர்கள் கட்டும்போது மூன்று சொல்லையும் எத்தனை முறை இழுப்பது? பலகைக்குச் சரி. என் மாணவர்களுக்குப் படிகுளம்தான்.

மதுரை

என் ஓட்டு மண் தங்கும் குளத்துக்கு. அள்ளிய மண்ணைக் கழிவு என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தம்பி.