புதுப்பிப்பு: காரில் பொருத்திய அமெச்சூர் வானொலி வாங்கியின் கீச்சொலி

இரண்டு மீற்றர் அலைவரிசை (பொழுதுபோக்கு வானொலியாளர்கள் பயன்படுத்தும், ஏறத்தாழ இரண்டு மீற்றர் அலைநீளமுள்ள அலைகள்) வாங்கியைக் காரில் பொருத்திய பின், எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் கீச்சொலி ஒன்று கேட்கிறது என்று சென்ற மாதம் எழுதியிருந்தேன். அன்ரனாவை மாற்றுமாறு பலர் சொன்னீர்கள். ஆனால் அன்ரனாவை முற்றாகக் கழற்றிய பின்னும் ஒலி நிற்கவில்லை; ஆகவே அது மின்கம்பி வழியாகவே வருகிறது என்பது தெளிவாயிற்று.

சிகரெட் லைட்டர் துளையிலிருந்து மின்சாரம் எடுத்தது என் சோம்பலின் விளைவு. கொழும்புப் பஞ்சிகாவத்தையில் வாங்கிய தடித்த செப்புக் கம்பியைப் பற்றரியிலிருந்து நேரடியாக இழுத்து, பியூஸை வாங்கியின் பக்கத்தில் அல்லாமல் பற்றரி முனைக்கு அருகிலேயே வைத்தேன். இடையில் கம்பி தேய்ந்து காரின் உடலைத் தொட்டால், தீப்பிடிக்காமல் காப்பது அந்த இடத்துப் பியூஸ்தான். கீச்சொலி அன்றே ஏறத்தாழ மறைந்துவிட்டது.

அன்ரனாவின் அடிப்பகுதியைத் திறந்தபோது, தரைத்தொடர்புத் திருகாணியைச் சுற்றிப் பச்சை படிந்திருந்தது. வெள்ளவத்தைக் கடற்காற்றுக்கு இது புதிதல்ல. வண்ணத்தை உலோகம் தெரியும்வரை சுரண்டி, கிறீஸ் பூசி இறுக்கினேன். அன்ரனாவின் 49 சென்ரிமீற்றர் கால் அலைக் கம்பியை (அலைநீளத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு நீளமுள்ளது) மாற்றவே இல்லை.

மழையில் வைப்பர் ஓடும்போது மட்டும் வாங்கியில் இன்னும் படபடவென்ற ஒலி கேட்கிறது. வைப்பர் மோட்டார்க் கம்பியில், மின் இரைச்சலை அடக்கும் பெரைற் (காந்தப்பொருள்) வளையம் மாட்டிப் பார்க்கவிருக்கிறேன்.