ஃபிட் பை வீட்டுக்குப் போகிறது, திரும்பி வருவதில்லை: யோசனை தேவை

வணக்கம். சிங்கப்பூரில் 50 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்குப் பெருங்குடல் புற்றுநோய்க்கான ஃபிட் மலப் பரிசோதனை (மலத்தில் கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தைத் தேடுவது) ஆண்டுக்கு ஒருமுறை. மாதிரி எடுக்கும் குழாய்கள் உள்ள பையைக் கொடுப்பது சுலபம். மாதிரியோடு திரும்ப வாங்குவதுதான் பெரும்பாடு.

பலருக்கு முதல் படியே தவறுகிறது. மலம் தண்ணீரில் விழுமுன் தாளில் ஏந்த வேண்டும். குச்சியின் நுனியால் மேற்பரப்பில் பல இடங்களில் கீறி, அதன் வரிப்பள்ளம் நிறையும் அளவு எடுத்தால் போதும். அள்ளித் திணித்தால் மாதிரி வீண். இரண்டு வெவ்வேறு நாள், இரண்டு குழாய். குழாயில் தேதி எழுத மறந்துவிடுகிறார்கள். சூட்டில் கிடந்தால் ஹீமோகுளோபின் சிதைந்து, ரத்தம் இருந்தும் 'இல்லை' என்று வரலாம். பத்தியம் வேண்டாம், ஆட்டுக்கறி சாப்பிட்டிருந்தாலும் பரவாயில்லை. இது மனித ரத்தத்தைத்தான் தேடுகிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

பரிசோதனையில் ரத்தம் தெரிந்தால் அடுத்தது கொலனோஸ்கோபிதான் (கேமரா குழாயால் பெருங்குடலின் உள்ளே பார்ப்பது). 'மூலநோயாக இருக்கும், இன்னொரு ஃபிட் பார்ப்போம்' என்று தள்ளிப்போடுவது ஆபத்து.

உங்களிடம் கேட்பது: நினைவூட்டல் அழைப்பு எத்தனையாவது நாளில் பலன் தருகிறது? தமிழில் படவிளக்கத் தாள் இருந்தால் பகிர முடியுமா? 'மலம்' என்றதும் முகம் திருப்பும் பாட்டி தாத்தாக்களிடம் எந்தச் சொல்லில் பேச்சைத் தொடங்குகிறீர்கள்?