ஒரேகான் வெளிநடப்புகள்: சிறுபான்மையினரின் உரிமையா, அவையை முடக்கும் உத்தியா?

இளவேனில்:
அமெரிக்காவின் ஒரேகான் மாநில செனட் (மேலவை) 2023 மே 3 முதல் ஜூன் 15 வரை, ஆறு வாரங்கள், முடங்கிக் கிடந்தது. 30 உறுப்பினர் கொண்ட அந்த அவை நடக்க வேண்டுமானால், மாநில அரசமைப்பின்படி மூன்றில் இரு பங்கினர், அதாவது 20 பேர், வந்திருக்க வேண்டும். ஜனநாயகக் கட்சிக்கு 17 இடங்களே இருந்தன. எனவே குடியரசுக் கட்சியினர் வராமல் இருந்தாலே போதுமானதாக இருந்தது. அவைத்தலைவர் வந்து அமர்வார், உறுப்பினர் பெயர்கள் வாசிக்கப்படும், வராதவர்களைத் தேடும்படி அவைக்காவலருக்கு உத்தரவிடப்படும், எண்ணிக்கை தேறவில்லை என்று அவை ஒத்திவைக்கப்படும். வாக்களித்துத் தோற்க வேண்டியவர்கள் வாக்கெடுப்பையே நடக்கவிடாமல் செய்வதை எதிர்ப்பு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மலைச்சாரல்:
அந்த மாநிலத்தில் 1987க்குப் பிறகு குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவர்கூட இல்லை. மாநிலத்தின் பெருநகரான போர்ட்லாந்தும் அதைச் சுற்றிய பகுதிகளும் வாக்கு எண்ணிக்கையில் மேலோங்கி நிற்க, கிழக்கே மக்கள் அடர்த்தி குறைந்த மாவட்டங்களோ எங்களை அண்டை மாநிலமான ஐடஹோவுடன் சேர்த்துவிடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு மனம் வெறுத்திருக்கின்றன. அவர்களின் பிரதிநிதிகளுக்கு வேறு என்ன ஆயுதம் இருக்கிறது? தவிர, 2001இல் தொகுதி மறுவரையறை விவகாரத்தில் கீழவையிலிருந்து வெளியேறியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடமா?

இளவேனில்:
2001இல் நடந்ததும் தவறுதான். அதை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் இந்த ஆயுதம் யாரைத் தாக்கியது என்று பாருங்கள். கரிம உமிழ்வுக்கு உச்சவரம்பு விதிக்கும் மசோதாவை எதிர்த்துக் குடியரசுக் கட்சியினர் 2019இல் வெளியேறினார்கள். ஆளுநர் கேட் பிரவுன் மாநிலக் காவல்துறையை அனுப்ப, சிலர் எல்லை தாண்டி ஐடஹோவுக்கே போய்விட்டார்கள். மசோதா கைவிடப்பட்டது. 2020இலும் அதே கதை. உடனே அந்த மார்ச் மாதத்திலேயே பிரவுன் நிர்வாக ஆணை ஒன்றைப் பிறப்பித்து, உமிழ்வைக் குறைக்கும் பணியை அரசுத் துறைகளிடம் ஒப்படைத்தார். அவையில் இருந்திருந்தால் ஒரு திருத்தமாவது கேட்டிருக்கலாம். ஆணையில் அதற்கு ஏது இடம்?

மலைச்சாரல்:
2019, 2020 கதை அப்படி இருக்கலாம். 2023இல் துப்பாக்கி, கருக்கலைப்பு மசோதாக்களை எதிர்த்து வெளியேறியபோது என்ன நடந்தது? துப்பாக்கி வாங்கும் வயதை 21 ஆக உயர்த்தும் பிரிவு நீக்கப்பட்டு, வரிசை எண் இல்லாத துப்பாக்கிகளுக்கான தடை மட்டும் மிஞ்சியது. கருக்கலைப்பு மசோதாவில், 15 வயதுக்கு உட்பட்ட சிறுமியரின் பெற்றோருக்குத் தெரிவிப்பது பற்றிய பிரிவு திருத்தப்பட்டது. ஆறு வாரம் இருக்கையில் உட்கார்ந்து பேசியிருந்தால் இதில் பாதியாவது கிடைத்திருக்குமா?

தணிகை:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். அனுமதியின்றி 10 நாள் வராதவர் அடுத்த தவணைக்குப் பதவி வகிக்க முடியாது என்ற 113ஆம் முன்மொழிவை 2022இல் மக்கள் வாக்கெடுப்பில் ஏறத்தாழ 68 விழுக்காட்டினர் ஆதரித்தார்கள். அது தெரிந்தும் 2023இல் வெளியேறிய 10 பேரின் தகுதியிழப்பை மாநில உச்ச நீதிமன்றம் 2024 பிப்ரவரியில் உறுதி செய்தது. விளைவு? 2024 தேர்தலில், தகுதியிழந்தவர்களில் டென்னிஸ் லின்திகமின் இடத்தில் அவர் மனைவியும், ஆர்ட் ராபின்சனின் இடத்தில் அவர் மகனும் வென்றார்கள். ஆட்களைத் தண்டித்தார்களே ஒழிய, விதியைத் தொடவில்லை. பெரும்பாலான மாநிலங்களில் பாதிக்கு மேல் வந்தால் அவை நடக்கும். மூன்றில் இரு பங்கு கேட்பவை ஒரேகான், டெக்சஸ், இந்தியானா, டென்னசி ஆகிய நான்குதான். டெக்சஸில் 2021இலும் 2025இலும் வெளியேறியவர்கள் ஜனநாயகக் கட்சியினர். இரு முறையும் அவர்கள் எதிர்த்த மசோதா கடைசியில் நிறைவேறியது.

மலைச்சாரல்:
விதியையும் எடுத்துவிட்டால் சிறுபான்மையினருக்கு மிஞ்சுவது என்ன?

தணிகை:
ஒவ்வொரு மசோதாவையும் இறுதி வாக்கெடுப்புக்கு முன் முழுமையாக வாசிக்க வேண்டும் என்ற பிரிவு அதே அரசமைப்பில் இருக்கிறது. அதைத் தளர்த்த மூன்றில் இரு பங்கினர் ஒப்ப வேண்டும். 2021இல் குடியரசுக் கட்சியினர் ஒப்பாததால், கீழவையில் கணினிக் குரலை வைத்தே மசோதாக்களை வாசிக்க வேண்டியதாயிற்று. அவையில் இருந்துகொண்டே கையாளக்கூடிய ஆயுதம் அது.

மலைச்சாரல்:
அது நேரத்தைத் தின்னுமே தவிர, திருத்தம் எதையும் பெற்றுத் தராது. துப்பாக்கி வயதுப் பிரிவை நீக்க வைத்தது கணினிக் குரல் அல்லவே.