கார் ஷெட்டைப் படுக்கையறை ஆக்கியபோது எங்கே இடித்தது? – அனுபவப் பகிர்வு

மடிப்பாக்கத்திலிருந்து:

இரண்டு வருடத்துக்கு மேலாக மனதில் கிடக்கிறது, எழுதிவிடுகிறேன்.

அப்பாவுக்கு இடுப்பெலும்பில் அறுவை சிகிச்சை. மாடி ஏறவே கூடாது என்று சொல்லிவிட்டார்கள். கீழ் போர்ஷனில் பதினோரு வருடமாக ஒரே குடும்பம் குடியிருக்கிறது, காலி செய்யச் சொல்ல மனம் வரவில்லை. கார் ஷெட் இருந்தது, 10க்கு 17. காரை விற்றோம். ஷட்டர் இருந்த இடத்தில் சுவர், ஜன்னல், டைல்ஸ், ஓரத்தில் பாத்ரூம், வயரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து மேஸ்திரி 2,10,000 சொன்னார். எங்கள் கையில் இருந்தது 2,50,000.

ஷெட் தரை வீட்டுத் தரையைவிட 21 அங்குலம் பள்ளம். கேட்டை நோக்கி வாட்டம் வேறு. "வீட்டு மட்டத்துக்கே ஏத்திடவா, பாதி ஏத்தினா போதுமா?" என்று மேஸ்திரி கேட்டார். முழுக்க ஏற்றினால் கிராவல், காங்கிரீட், கூலி என்று இன்னும் 28,000 ஆகும். நான்தான் "பாதி போதும்ணே, அந்தக் காசுல ஏசி போட்டுக்கறோம்" என்றேன். 11 அங்குலம் ஏற்றினோம்.

2023 டிசம்பர், மிக்ஜாம் புயல். 3ஆம் தேதி ராத்திரி கரண்ட் இல்லை. இரண்டு மணி வாக்கில் டார்ச்சை எடுத்துக்கொண்டு கீழே போனேன். அப்பா கட்டில் மேல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, வாக்கரை மடியில் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். பாத்ரூம் நாணி ட்ராப்பிலிருந்து, தரையில் தண்ணீர் வடியும் அந்த ஓட்டையிலிருந்து, தண்ணீர் குபுகுபுவென்று மேலே வந்துகொண்டிருந்தது. செருப்பு மிதந்தது. "ஒண்ணுமில்லம்மா, நீ போய்த் தூங்கு" என்றார். எவ்வளவு நேரமாக அப்படி உட்கார்ந்திருந்தாரோ, கடைசிவரை சொல்லவில்லை. நாற்காலியில் வைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கினோம்.

பக்கத்துப் போர்ஷனில் தண்ணீர் நுழையவே இல்லை. அவர்கள் வாசற்படிக்கு ஒரு சாண் கீழேயே நின்றுவிட்டது. நான் மிச்சம் பிடித்த அந்த 10 அங்குலம்தான்.

கோவையிலிருந்து:

அக்கா, படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் எதுவும் தோன்றவில்லை. அப்பா இப்போது நலமா?

எங்களுக்கு இடித்தது ஈபி மீட்டர். ஷெட் சுவரில் மீட்டர், மெயின் சுவிட்ச், ஃபியூஸ் எல்லாம் பலகையோடு இருந்தது. அதை வெளிச்சுவருக்கு மாற்ற வாரியத்துக்கு விண்ணப்பம், கட்டணம், புது சர்வீஸ் வயர் என்று ஆகும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று அதன் மேல் ஒரு மர அலமாரி அடித்து மூடினோம். மாமியார் தலைமாட்டுக்கு நேர் மேலே.

இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் ஈபிக்காரர் ரீடிங் எடுக்க வருவார். முதல் தரம் வந்தபோது அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். அவர் கட்டிலோரம் எக்கி நின்று ரீடிங் பார்க்கிறார், அத்தை விழித்துப் பார்க்கிறார், யாரோ ஒரு ஆண்பிள்ளை முகத்துக்கு மேலே. போர்வையை இழுத்துக் கழுத்துவரை போர்த்திக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வரும் வாரம் முழுக்கக் காலையிலேயே எழுந்து சேலை மாற்றி ஹாலில் வந்து உட்கார்ந்துவிடுவார். ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. எட்டு மாதம் கழித்துத்தான் மீட்டரை மாற்றினோம். மொத்தமே 9,000க்குள் முடிந்த வேலை.

திருச்சியிலிருந்து:

நீங்கள் எல்லாம் சுவரையும் தரையையும் சொல்கிறீர்கள். எங்கள் ஷெட்டுக்குக் கீழே சம்ப், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டி.

பழைய வீடுகள் பலவற்றில் அப்படித்தானே, கார் நிற்கும் இடத்துக்கு அடியில்தான் சம்ப் இருக்கும். 6,000 லிட்டர். புதிதாக வேறு இடத்தில் தோண்ட ஒரு லட்சம் கேட்டார்கள். மூடியை அப்படியே விட்டு, மேலே டைல் பதித்த இரும்பு மூடி போட்டால் தெரியவே தெரியாது என்றார் என்ஜினீயர். உண்மையில் தெரியவில்லைதான். பையனுக்கு அந்த அறையைக் கொடுத்தோம், பிளஸ் டூ.

மார்ச் மாதம், பரீட்சைக்கு முந்தைய நாள். குழாயில் தண்ணீர் நாற ஆரம்பித்துவிட்டது. ஏதோ செத்து விழுந்திருக்கிறது. கட்டில், மேசை, புத்தகம் எல்லாவற்றையும் ஹாலுக்கு இழுத்தோம். மூடியைத் தூக்கியதும் வந்த வாடை இன்னும் மூக்கில் இருக்கிறது. ஒரு அணில். பையன் ஹாலில் சோபாவில் காலை மடக்கி, காதைப் பொத்திக்கொண்டு கெமிஸ்ட்ரி படித்துக்கொண்டிருந்தான். மோட்டார் வைத்து இறைத்து, உள்ளே இறங்கிக் கழுவி முடிக்க ராத்திரி பத்தரை. அவன் அந்த அறையில் மறுபடி படுக்கவில்லை. இப்போது அரிசி மூட்டையும் தையல் மெஷினும் இருக்கிறது.

மதுரையிலிருந்து:

நான் 31 வருடம் கட்டட மேற்பார்வை பார்த்தவன். என் மகளின் பிரசவத்துக்காக எங்கள் ஷெட்டை அறையாக்கினேன். மேற்கு பார்த்த அறை, மேலே நாலு அங்குல ஸ்லாப் மட்டும். ஏப்ரலில் ராத்திரி ஒன்பது மணிக்குத் தொட்டால் சுவர் சுட்டது. பச்சைக் குழந்தைக்கு முதுகு முழுக்க வேர்க்குரு. அவ்வளவுதான் என் கதை.

மடிப்பாக்கம் மகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் 10 அங்குலத்தை நினைத்து வருந்துகிறீர்கள், ஆனால் குற்றம் அதில் இல்லை. ட்ராப் வழியாகத் தண்ணீர் எதிர்த்து ஏறியது என்றால் சேம்பருக்கு (வெளியே கழிவுநீர்க் குழாய்கள் வந்து சேரும் குழி) முன்னால், தண்ணீரைத் திரும்பி வரவிடாத நான்-ரிட்டர்ன் வால்வு இல்லை என்று அர்த்தம். தரையை ஏற்றியிருந்தாலும் வந்திருக்கும். மேலும் ஷெட் உயரம் 10 அடி என்றால் 21 அங்குலம் ஏற்றிய பிறகு எட்டேகால் அடிதான் மிஞ்சும். வசிக்கிற அறைக்கு 2.75 மீட்டர், அதாவது 9 அடி வேண்டும் என்பது தேசியக் கட்டட விதி. மேஸ்திரி கேட்டது நியாயமான கேள்வி.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன். பணத்தை எண்ணுவதற்கு முன்னால் டியூப் லெவல் பிடியுங்கள், அதாவது தண்ணீர் நிரப்பிய டியூபை வைத்து மட்டம் பாருங்கள். வீட்டுத் தரை, ஷெட் தரை, ரோடு, சேம்பர் அடிமட்டம், இந்த நாலையும் ஒரே சுவரில் பென்சிலால் குறியுங்கள். பாத்ரூம் போட முடியுமா என்பதை அந்த நாலு கோடுதான் சொல்லும். 4 அங்குலக் குழாய்க்கு 40 அங்குலத்துக்கு 1 அங்குலம் வாட்டம் வேண்டும், சேம்பர் 20 அடி தள்ளி இருந்தால் 6 அங்குலம் அதற்கே போய்விடும். அந்த மட்டம் கிடைக்காவிட்டால் கக்கூஸை மேடையில் வைப்பார்கள், வயதானவர் அதில் ஏறி இறங்க வேண்டும். யாருக்காக அறை கட்டினோமோ அவருக்கே உதவாது.

ஷட்டர் இருந்த பக்கம் அஸ்திவாரம் இருக்காது. வெறும் தரை காங்கிரீட் மேல் 9 அங்குலச் செங்கல் சுவர் எழுப்பினால் ஒரு மழைக்காலத்தில் விரிசல் விடும். கீழே பீம் போடுங்கள், இல்லையென்றால் எடை குறைந்த ஏஏசி பிளாக்கில் கட்டுங்கள். கிராவல் நிரப்பிக் கெட்டித்த பிறகு, காங்கிரீட்டுக்கு முன்னால், கரையான் மருந்து அடித்துக் கனமான பாலிதீன் ஷீட் விரியுங்கள். செலவு சில ஆயிரம்தான், ஆனால் பின்னால் சுவரடியில் பெயிண்ட் உரியாது. ஒன்றரை டன் ஏசிக்குத் தனி லைன், 4 சதுர மில்லிமீட்டர் வயர். பழைய ஷெட் பல்பு லைனிலிருந்து இழுக்க விடாதீர்கள். இன்வெர்ட்டர் பேட்டரி ஷெட்டில் இருந்தால் அறைக்கு வெளியே மாற்றுங்கள், சார்ஜ் ஏறும்போது வாயு வரும். ஜன்னல் தரைப் பரப்பில் ஆறில் ஒரு பங்காவது வேண்டும், சென்னை மாதிரிப் புழுக்க ஊருக்கு அதுதான் கணக்கு.

மேஸ்திரி சொல்லும் தொகையில் கண்ணுக்குத் தெரியும் வேலை மட்டும்தான் இருக்கும். உங்கள் கையிலுள்ள பணத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மிச்சத்துக்குள் அறை அடங்குகிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் ஏசியை வெட்டுங்கள், டைல்ஸை வெட்டுங்கள். தரைமட்டத்தையும் குழாயையும் வெட்டாதீர்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து:

ஐயா, எங்கள் ஷெட் 11 அடி. முழுக்க ஏற்றியிருந்தாலும் ஒன்பதேகால் இருந்திருக்கும். வெளியே தண்ணீர் பக்கத்துப் போர்ஷன் தரைக்கு ஒரு சாண் கீழே நின்றது. அறைத் தரையும் அதே மட்டத்தில் இருந்திருந்தால் ட்ராப் வழியாக மட்டும் எப்படி மேலே ஏறும்? தண்ணீர் தன் மட்டத்துக்குத்தானே வரும்.

கோவை தங்கைக்கு: அப்பா போன ஆவணியில் தவறிவிட்டார்.

மதுரையிலிருந்து:

நீங்கள் சொல்வது சரிம்மா. உயரம் தெரியாமல் எழுதிவிட்டேன். அப்பாவுக்கு என் வணக்கம். வால்வை மட்டும் போட்டுவிடுங்கள், அடுத்து யார் படுத்தாலும் உதவும்.

போரூரிலிருந்து:

என்னுடையது வேறு மாதிரி. நான் கட்டியவள் இல்லை, இடிக்கச் சொன்னவள்.

எங்களுடையது 24 வீட்டு அடுக்ககம். முதல் மாடிக்காரர் தம் ஸ்டில்ட் பார்க்கிங்கை, கட்டடத்துக்கு அடியில் தூண்களுக்கு நடுவே கார் நிறுத்தும் இடத்தை, மூன்று பக்கம் ஹாலோ பிளாக் வைத்து மூடி அம்மாவுக்கு அறையாக்கினார். லிஃப்ட் அடிக்கடி நின்றுவிடும், அந்தம்மாவுக்கு முழங்கால் வலி. நான் அப்போது சங்கச் செயலாளர். பிளானில் பார்க்கிங் என்று இருக்கும் இடம் அது. 2010இல் மும்பை வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம், ஸ்டில்ட் பார்க்கிங் எல்லோருக்கும் பொதுவான இடம், பில்டர் தனியாக விற்க முடியாது என்றே சொல்லியிருக்கிறது. ஒருவர் கட்டினால் நாளை ஐந்து பேர் கட்டுவார்கள், மழைத் தண்ணீர் போகும் வழியும் அடைபடும். நோட்டீஸ் கொடுத்தோம். அவரே ஆள் வைத்து இடித்தார்.

இடித்த அன்று அந்தம்மா லிஃப்ட் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மடியில் ஒரு சாமி படம், அறைச் சுவரில் மாட்டியிருந்தது போலிருக்கிறது. என்னைப் பார்த்து "ஆபீஸுக்கு நேரமாச்சாம்மா?" என்று கேட்டார். சட்டப்படி நான் செய்தது சரிதான், இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். ஆனால் அதற்கு முன்னால் லிஃப்டைச் சரி செய்திருக்கலாம். அதற்கு மூன்று மாதமாகக் கொட்டேஷன் என் மேசையில் கிடந்தது.

திருச்சியிலிருந்து:

போரூர் மேடம், தப்பாக நினைக்க வேண்டாம். அடுக்ககத்தையும் தனி வீட்டையும் ஒன்றாகப் பேசினால் படிப்பவர்கள் பயந்துவிடுவார்கள். எங்கள் இடம், எங்கள் ஷெட்.

போரூரிலிருந்து:

தனி வீட்டுக்கும் பிளான் உண்டு, சார். ஷெட் பக்கவாட்டுக் காலியிடத்தில் இருந்தால் அதை அறையாக்க அனுமதி கிடைக்காது. வீட்டை விற்கப் போகும்போதோ வங்கிக் கடனுக்குப் போகும்போதோ அது வந்து நிற்கும். கட்டும் முன்னால் ஒரு லைசென்ஸ் சர்வேயரிடம் பழைய பிளானைக் காட்டச் சொல்லுங்கள் என்பதற்குத்தான் எழுதினேன்.

தஞ்சாவூரிலிருந்து:

மேலே மதுரை ஐயா சொன்ன எல்லாவற்றையும் நாங்கள் செய்தோம். மட்டம், வால்வு, பீம். கூடவே மேலே வெயில் சூடு இறங்காமலிருக்கக் கூலிங் டைல்ஸ். 3,40,000 என்று போட்டு 3,65,000இல் முடித்தோம். எல்லோரும் பாராட்டினார்கள். அம்மா மருத்துவமனையிலிருந்து வந்தார், வீல்சேரில். அறைக்குள் நன்றாக நுழைந்தது. பாத்ரூம் வாசலில் முட்டியது.

பாத்ரூம் கதவு நிலை இரண்டரை அடி என்று வாங்கினோம். அது வெளி அளவு. கட்டையும் கதவும் போக உள்ளே 24 அங்குலம். வீல்சேர் 26. நான் டேப்பை வைத்து மூன்று தரம் அளந்தேன், அம்மா நாற்காலியில் உட்கார்ந்தபடி டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தார். "எத்தனைடா வருது?" என்று கேட்டார். சொன்னேன். "சரி, விடு" என்றார்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு தரம், மாலையில் ஒரு தரம், ராத்திரி ஒரு தரம் நான்தான் தூக்கிக்கொண்டு போகிறேன். எனக்கு அது கஷ்டமில்லை. அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிட்டார், அதுதான் கஷ்டம். நிலையைப் பெயர்த்து மூன்றரை அடியாக்க, டைல்ஸோடு சேர்த்து 16,000 கேட்டிருக்கிறார்கள். வியாழக்கிழமை ஆள் வருகிறார். அதுவரை பக்கத்து வீட்டில் அம்மாவைக் குளிக்க வைக்கப் பேசியிருக்கிறேன். அவர்கள் வாசல் அகலம், போய் அளந்து பார்த்துவிட்டேன்.