ஒரே ஏஹெச்யூ, மூன்று செட்பாயின்ட்: பேஸ்லைனில் சப்ளை ஏர் எத்தனை டிகிரி?

விஏவி_புதியவன்:
வணக்கம். ஏழு மாடி அலுவலகக் கட்டடம். ஆஷ்ரே 90.1 என்ற கட்டட எரிசக்தித் தரநிலையின் அப்பெண்டிக்ஸ் ஜி-யின்படி, ஒப்பீட்டுக்கான பேஸ்லைன் மாடலுக்கு சிஸ்டம் 7 (அறைக்கு அறை காற்றளவு மாறும் விஏவி ஏசி) வருகிறது. மாடிக்கு ஒரு ஏஹெச்யூ (குளிர்ந்த காற்றை அறைகளுக்கு அனுப்பும் இயந்திரம்), மாடல் எனர்ஜிபிளஸ் என்ற சிமுலேஷன் மென்பொருளில். செட்பாயின்ட், அதாவது அறையில் வைக்க வேண்டிய வெப்பநிலை: பொது அலுவலகம் 24 டிகிரி செல்சியஸ், கூட்ட அறைகள் 22, யூபிஎஸ் அறை 27. அறைக்கும் ஏஹெச்யூ அனுப்பும் சப்ளை காற்றுக்கும் 11.1 டிகிரி வித்தியாசம் வைக்கச் சொல்கிறது விதி. கழித்துப் பார்த்தால் 12.9, 10.9, 15.9 என்று மூன்று எண் வருகிறது. ஏஹெச்யூ கொடுப்பது ஒரே காற்றுதானே, எதை வைப்பது?

இப்போது சப்ளைக்கு 12.8 வைத்து, வெளிக்காற்றைப் பார்த்து 18 வரை தானாக ஏறும்படி ரீசெட் கொடுத்திருக்கிறேன். சோன் சைசிங்கில் (ஒவ்வொரு அறைக்கும் எவ்வளவு காற்று என்று கணக்கிடும் பகுதி) வித்தியாசம் 11.11 என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் கைக்கணக்கோடு ஒப்பிட்டால் காற்றளவு அலுவலகத்தில் 11 சதவீதம் கூடுதல், கூட்ட அறையில் 40 சதவீதத்தை ஒட்டி, யூபிஎஸ் அறையில் மட்டும் குறைவு. அன்மெட் ஹவர்ஸ் (அறை செட்பாயின்டை எட்டாத மணிநேரம்) 300 என்ற வரம்பைத் தாண்டுகிறது, அதுவும் கூட்ட அறைகளில்தான்.

குளிர்சுருள்:
மூன்று அறைகளின் அந்த வித்தியாசங்களே ஆளைக் காட்டிக்கொடுக்கின்றன. 24-இல் 14 போனால் 10, 22-இல் 14 போனால் 8, 27-இல் 14 போனால் 13. 11.11-ஐ இவற்றால் வகுத்தால் நீங்கள் சொன்ன கூடுதலும் குறைவும் அப்படியே வரும். உங்கள் சைசிங் 14 டிகிரி சப்ளையை வைத்து ஓடியிருக்கிறது. சோன் சைசிங்கில் கூலிங் சப்ளை வெப்பநிலையை எந்த முறையில் எடுப்பது என்று ஒரு புலம் உண்டு. அதில் 'வெப்பநிலை வித்தியாசம்' என்று தேர்வு செய்யாவிட்டால், கீழே 11.11 என்று எழுதியதை எனர்ஜிபிளஸ் சீண்டவே சீண்டாது. எச்சரிக்கையும் வராது. டெம்ப்ளேட்டில் கிடந்த 14 தான் பேசும்.

பழைய_மாடலர்:
அதற்கும் முன்னால் ஒன்று. யூபிஎஸ் அறை இந்த ஏஹெச்யூவில் இருக்கலாமா என்று பாருங்கள். சிஸ்டம் 5 முதல் 8 வரை, உச்ச வெப்பச் சுமை மற்ற இடங்களின் சராசரியிலிருந்து சதுர அடிக்கு 10 பிடியூ/மணி (பிடியூ என்பது வெப்ப அலகு) அல்லது அதற்கு மேல் விலகினாலோ, இயங்கும் நேரம் வாரத்துக்கு 40 முழுச்சுமை மணிநேரத்துக்கு மேல் வேறுபட்டாலோ, அந்த இடத்தைப் பிரித்து சிஸ்டம் 3 அல்லது 4 (ஒரே இடத்துக்கான தனி ஏசி) கொடுக்க வேண்டும். இரவும் பகலும் ஓடும் யூபிஎஸ் அநேகமாக இதில் மாட்டும். இதை முடிக்காமல் சப்ளை வெப்பநிலையைப் பற்றி மண்டையை உடைத்துக்கொள்வது வீண்.

மிச்சம் 24-உம் 22-உம். 90.1-இன் பின்னால் வந்த பதிப்புகள் இதைத் தெளிவாகவே சொல்கின்றன: ஒரே சிஸ்டத்தில் பல செட்பாயின்ட் இருந்தால், கூலிங்கில் எது மிகக் குறைந்த சப்ளை வெப்பநிலையைத் தருமோ அதை எடுக்க வேண்டும். ஆக 10.9. ஏஹெச்யூவின் அளவைக் கணக்கிடும் சிஸ்டம் சைசிங்கிலும் அதே எண் இருக்கட்டும், இல்லையென்றால் குளிரூட்டும் காயில் சிறிதாகிவிடும்.

கூட்ட அறைதானே, 24 ஆக்கிவிடலாம் என்று தோன்றலாம். ப்ரொபோஸ்டு மாடலில் (உண்மையில் கட்டவிருக்கும் கட்டடத்தின் மாடல்) 22 இருந்தால் பேஸ்லைனிலும் 22 தான்.

குளிர்சுருள்:
ரீசெட்டையும் கவனியுங்கள். குறைந்தபட்ச கூலிங் சுமையில் 2.8 டிகிரி ஏற்றலாம், அவ்வளவுதான். 10.9 என்றால் மேல் வரம்பு 13.7. நீங்கள் வெளிக்காற்றைப் பார்த்து 18 வரை விட்டிருக்கிறீர்கள். வெளியே குளிராக இருக்கும் நாளில் கூட்ட அறை நிறைய ஆள் உட்கார்ந்தால், 22 டிகிரி அறைக்கு 18 டிகிரி காற்று எப்படிப் போதும்? அறைகளின் கூலிங் தேவையைப் பார்த்து சப்ளை வெப்பநிலையை மாற்றும் 'வார்மெஸ்ட்' செட்பாயின்ட் மேனேஜரை வைத்து கீழ் வரம்பு 10.9, மேல் வரம்பு 13.7 கொடுங்கள்.

விஏவி_புதியவன்:
புலம் 'சப்ளை வெப்பநிலை' என்றே இருந்தது, 14-உம் அங்கேதான். மாற்றியதும் காற்றளவு கைக்கணக்கோடு ஒட்டிவிட்டது. யூபிஎஸ் அறை சிஸ்டம் 3-க்குப் போய்விட்டது. அன்மெட் ஹவர்ஸ் இப்போது 300-க்குள். ஃபேன் பவரை அப்படியே விடலாமா?

பழைய_மாடலர்:
விடக்கூடாது. விஏவிக்கு ஃபேன் பிரேக் குதிரைத்திறன் (ஃபேனைச் சுழற்றத் தேவையான திறன்) 0.0013 × சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று), அதனுடன் அழுத்தச் சரிக்கட்டல். காற்றளவு குறைந்தால் அதுவும் குறைய வேண்டும். பழைய எண்ணோடு அனுப்பினால் ரிவ்யூவர் முதல் பக்கத்திலேயே பிடிப்பார்.