ஃபிளாப்: மடலா, ஒட்டா?

வேலூர்:
சொல் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பாதம் நசுங்கி வருகிறவர்களின் வீட்டாருக்கான துண்டறிக்கை திங்களன்று அச்சுக்குப் போகிறது. பைக் சக்கரக் கம்பியில் பிள்ளைகளின் குதிகால் சிக்கும் காயம்தான் முதல் பக்கம். 'ஃபிளாப்' என்பதற்குச் சொல் வேண்டும். தோல் ஒட்டு வேறு. தொடையில் சீவியெடுத்த மெல்லிய தோல் அது. சொந்த ரத்தக்குழாய் கிடையாது, அடியிலுள்ள புண்ணிலிருந்து உறிஞ்சித்தான் பிழைக்கும். மேலுறை உரிந்த எலும்பில் பிடிக்காது. அங்கே தோலையும் கொழுப்பையும் ரத்தக்குழாயோடு பெயர்த்து வைக்கிறார்கள்; அதுதான் ஃபிளாப். 'மடல்' எனலாமா?

ஆரணி:
மடலே சரி, அக்கா. மடி, மடங்கு, மடக்கு எல்லாம் ஓரடிச் சொற்கள் என்றே கொள்கிறேன். தாழைமடல், காதுமடல் இரண்டும் ஒரு பக்கம் பற்றி, மறுபக்கம் விரிந்தவை. குறளில் காமுற்றார் ஏறுவதும் பனைமடல்தான். ரத்தக்குழாய் வரும் பக்கத்துக்குக் 'காம்பு' என்ற பெயரும் தானாக அமைகிறது. ஆனால் 'ரத்தம்' வேண்டாம், 'குருதி' என்று எழுதுங்கள்.

குடியாத்தம்:
ஐயா, இந்தக் குழுவிலேயே கடிதத்துக்கு மடல் என்கிறோம். ஒட்டு என்றால் எல்லாருக்கும் புரியும். மாங்கன்றில் தாய்க்கிளையை அறுக்காமலே கன்றோடு சேர்த்துக் கட்டி, ஒட்டிய பிறகுதானே அறுக்கிறோம்? ஒரு காலின் சதையை மறுகாலில் தைத்து, மூன்று வாரம் போல இரண்டையும் பிணைத்து வைத்து, பிறகு காம்பை அறுப்பதும் அதே வேலை. 'உயிரொட்டு' என் சொல்.

வேலூர்:
உவமை அருமை தம்பி. ஆனால் ஒட்டுக்கு அழுத்தக் கட்டு நல்லது. அடியில் ரத்தம் தேங்கித் தோலைத் தூக்காது. மடலுக்கு அதே கட்டு காம்பை நெரித்துவிடும். ஒரே சொல் இரண்டுக்கும் வந்தால் ஆபத்து. கெண்டைக்காலிலிருந்து கீழே திருப்பிக் குதிகாலை மூடும் மடலைப் பாருங்கள். காம்பு வெளிக்கணுக்காலுக்குச் சுமார் 5 செ.மீ. மேலே இருக்கும். உள்ளே வந்த ரத்தம் சிரை வால்வுகளுக்கு எதிராகத் திரும்ப வேண்டியிருப்பதால், கெடும்போது பெரும்பாலும் தேக்கத்தால்தான் கெடும். மடல் நீலம் பாரித்து வீங்கும். அழுத்தி விட்டால் நிறம் சட்டென்று திரும்பும். ஊசியால் குத்தினால் கறுத்த ரத்தம் வரும். ரத்தம் வருவதே நின்றால் வெளுத்துச் சில்லிடும், அழுத்தினாலும் நிறம் திரும்பாது. முதல் இரண்டு மூன்று நாள் அடிக்கடி பார்க்க வேண்டும். குதிகால் மெத்தையில் படக்கூடாது. பீடி கூடவே கூடாது, குழாய் சுருங்கும்.

ஆரணி:
சிரை வடசொல். 'நாளம்' போடலாம்.

ஆற்காடு:
நாளமும் வடசொல்தான் ஐயா. வீட்டாருக்கு நீலம், வெளுப்பு போதும். மடல் எனக்கும் சரி, ஆனால் ஒரு கேள்வி. முதுகுத் தசையைக் குழாயோடு அறுத்தெடுத்து, நுண்ணோக்கியில் பார்த்துக் கால் குழாயோடு தைக்கிறார்களே, அதில் காம்பை அறுத்தாயிற்று. பிறகு எப்படி மடல்?

ஆரணி:
பெயர்த்த மடல் என்பதால் 'பெயர்மடல்'.

குடியாத்தம்:
பெயர் எழுதிய கடிதம் என்று படிப்பார்கள்!

வேலூர்:
நால்வரில் மூவர் மடல் பக்கம். 'சதைமடல்' என்று போட்டு, பக்கத்திலேயே 'ரத்தக்குழாயோடு பெயர்த்து வைத்த சதை' என்று எழுதுகிறேன். 'ரத்தம்' அப்படியே இருக்கும். ஆற்காட்டுக் கேள்வி அடுத்த பதிப்புக்கு. மடலில் பெரும்பாலும் உணர்ச்சி இராது என்பதால், தினமும் உள்ளங்காலைப் பார்ப்பதையும், தொழுநோய்ப் பாதங்களுக்குத் தரும் எம்.சி.ஆர். (நுண்துளை ரப்பர்) செருப்பையும் சேர்த்திருக்கிறேன்.

குடியாத்தம்:
என் மறுப்பைப் பதிவு செய்யுங்கள் அக்கா. வார்டில் 'சதை வச்சுத் தைச்சாங்க' என்பார்கள்; மடல் யார் வாயிலும் வராது.