சதுர சென்சார்: கேட்பவர்கள் இருக்கிறார்கள், வாங்குபவர்கள் இருக்கிறார்களா?

வட்டமுகி:
கேமராவில் ஒளியைப் பிடிக்கும் சில்லான சென்சாரைச் சதுரமாக்கச் சொல்கிறேன். லென்ஸ் தருவது வட்டமான பிம்பம். அதில் 3:2 என்ற நீளக் கட்டத்தை மட்டும் வெட்டி எடுத்து மிச்சத்தை வீணாக்குகிறோம். இந்த 3:2 எங்கிருந்து வந்தது? சினிமா ஃபிலிமின் 18×24 மி.மீ. சட்டத்தை லைக்கா கேமராவை வடிவமைத்த ஆஸ்கர் பர்னாக் இரட்டிப்பாக்கினார், 24×36 ஆனது. 1925இல் லைக்கா விற்பனைக்கு வந்தது. அன்று ஃபிலிம் சுருளின் அகலம் போட்ட கணக்கை இன்று சிலிக்கான் ஏன் சுமக்க வேண்டும்? அந்த 24×36 அளவு சென்சாரான ஃபுல்ஃபிரேமின் மூலைவிட்டம் 43.3 மி.மீ. அதே வட்டத்துக்குள் 30.6 மி.மீ. சதுரம் அடங்கும். பரப்பு 864இலிருந்து 936 சதுர மி.மீ. ஆகிறது. கேமராவைத் திருப்பாமலே நெடுக்காகவும் படுக்கையாகவும் வெட்டிக்கொள்ளலாம். மிரர்லெஸ் கேமரா வந்தபின் உள்ளே ஏறி இறங்கும் கண்ணாடியும் இல்லை. அப்புறம் என்ன தடை?

குறுக்குக்கோடு:
தடை உங்கள் கணக்கிலேயே இருக்கிறது நண்பரே. கூடுவது 8 சதவீதம்தான், அதுவும் படத்தைச் சதுரமாகவே வைத்துக்கொண்டால். அந்தச் சதுரத்திலிருந்து 3:2 வெட்டினால் 30.6×20.4, அதாவது 624 சதுர மி.மீ. கையில் இருந்ததில் கால் பங்குக்கு மேல் போயிற்று. அகலப் பார்வைக்காக 16 மி.மீ. லென்ஸை ஆசைப்பட்டு வாங்கியவருக்குப் பக்கவாட்டில் கிடைப்பது 19 மி.மீ. பார்வை. யார் சம்மதிப்பார்கள்?

வட்டமுகி:
அதற்கும் வழி இருக்கிறது. 2008இல் பானசோனிக் எல்எக்ஸ்3, அடுத்த ஆண்டு ஜிஎச்1, 2018இல் ஜிஎச்5எஸ் கேமராக்கள். எல்லாவற்றிலும் சென்சார் பிம்ப வட்டத்தைவிடப் பெரிது. 4:3, 3:2, 16:9 எதை வைத்தாலும் மூலைவிட்டம் குறையாது. ஃபுல்ஃபிரேமில் 37.7×30.6 போட்டால் 16:9இலிருந்து சதுரம் வரை எல்லாம் அடங்கிவிடும்.

குறுக்குக்கோடு:
அடங்கும், 1154 சதுர மி.மீ. செலவில். இன்றைய ஃபுல்ஃபிரேமைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதல். அதன் நான்கு மூலைகளில் என்றைக்குமே வெளிச்சம் விழப்போவதில்லை! சில்லு பெரிதாகப் பெரிதாக ஒரு வேஃபரில், அதாவது சிலிக்கான் தகட்டில், வெட்டக் கிடைப்பது குறையும், பழுதில்லாமல் தேறுவது அதைவிடக் குறையும். ஆக, விலை பரப்போடு நேராக ஏறாது, அதைத் தாண்டி ஏறும். இன்னொன்று: ஜிஎச்2க்குப் பிறகு வந்த ஜிஎச்3, ஜிஎச்4, ஜிஎச்5 மூன்றிலும் அந்த வசதி இல்லை. ஜனங்கள் அதற்காகவே கேமரா வாங்கியிருந்தால் கைவிட்டிருப்பார்களா?

ஓப்பன்கேட்:
நீங்கள் இருவரும் புகைப்படத்தை மட்டும் பேசுகிறீர்கள். சந்தை கேட்பது வீடியோவில். 2022இல் கோப்ரோ ஹீரோ11 பிளாக் 8:7 சென்சாரோடு வந்தது. 2025இல் ஐஃபோன் 17இன் முன்கேமராவில் சதுர சென்சார். காரணம் எளிது, ஒரே காட்சி 16:9 ஆகவும் வேண்டும், 9:16 ஆகவும் வேண்டும். படுக்கையாகப் பிடித்த 24×36இல் 9:16 வெட்டினால் மிஞ்சுவது 13.5×24, சென்சாரில் பாதியைக்கூடத் தொடவில்லை, வெறும் 37.5 சதவீதம். சதுரத்தில் அதே வெட்டு 17.2×30.6. வீடியோ வேலைக்குப் போகிறவனுக்கு இந்த வித்தியாசம் போதும், யாரும் விளக்க வேண்டாம்.

குறுக்குக்கோடு:
இரண்டு உதாரணமும் லென்ஸ் கழற்ற முடியாத கருவிகள். சென்சாரும் லென்ஸும் ஒரே மேசையில் வரையப்படுகின்றன, சில்லும் நகக்கண் அளவு. நம்முடையது அப்படியா? பல லென்ஸ்களின் பின்புறம் செவ்வகத் தடுப்பு இருக்கிறது. லென்ஸ் முனையில் மாட்டும் வெளிச்ச மறைப்பான ஹூடின் இதழ்கள் 3:2க்கு வெட்டியவை. ஷட்டர் திரை 24 மி.மீ.க்குப் பதில் 30.6 மி.மீ. ஓட வேண்டும், ஃபிளாஷோடு ஒத்துப்போகும் அதிகபட்ச ஷட்டர் வேகம் (ஃபிளாஷ் சிங்க்) இறங்கும். படிக்க வேண்டிய வரிசைகளும் கால் பங்குக்கு மேல் கூடும், அப்போது வேகமாக நகர்வது சாய்ந்து தெரியும் ரோலிங் ஷட்டர் கோணல் உங்கள் வீடியோவிலேயே முதலில் தெரியும்.

பழையலென்ஸ்:
ஹூட் விஷயம் உண்மை. ஃபுஜிஃபிலிமின் ஜிஎஃப்எக்ஸ் பாடியில் அடாப்டர் போட்டு எஸ்எல்ஆர் காலத்து 35 மி.மீ. ஃபிலிம் கேமரா லென்ஸ்களை மாட்டிப் பார்த்திருக்கிறேன். அந்தச் சென்சார் 43.8×32.9, எனவே நீங்கள் சண்டை போடும் 30.6 சதுரம் அதற்குள் முழுசாகக் கிடக்கிறது. இதழ் ஹூடைக் கழற்றாமல் எடுத்தால் மேல்விளிம்பிலும் கீழ்விளிம்பிலும் நடுவில் ஒரு நிழல் வளைந்து இறங்கும். கழற்றினால் சதுரம் சுத்தம். ஹூடை மாற்றிவிடலாம், தடுப்பு வைத்த லென்ஸை என்ன செய்வது என்பதுதான் கேள்வி.

இன்னொன்று, 2025இல் வந்த ஜிஎஃப்எக்ஸ் 100ஆர்எஃப்பில் விகிதம் மாற்றத் தனி டயலே வைத்தார்கள். உள்ளே இருப்பது அதே 4:3 சென்சார்தான், டயல் வெட்டுகிறது, அவ்வளவே. பலர் கேட்பது வேறு சிலிக்கான் இல்லை, வியூஃபைண்டரில் வேறு கட்டம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

வட்டமுகி:
கட்டம் கேட்பவர்களுக்குக் கட்டம். நான் கேட்பது பரப்பு. "ஜனங்கள் வாங்கவில்லை" என்பதை ஆதாரமாகவே நான் ஏற்க மாட்டேன். மாற்று லென்ஸ் கேமராவை யாராவது சென்சாரின் வடிவம் பார்த்து வாங்குகிறார்களா? மவுண்ட், வைத்திருக்கும் லென்ஸ், ஆட்டோஃபோகஸ், விலை இவற்றைப் பார்க்கிறார்கள். 4:3 வேண்டுமென்றால் மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸின் சிறிய சென்சாரையும் சேர்த்தே வாங்க வேண்டும், இல்லையேல் பெரிய சென்சாரான மீடியம் ஃபார்மட்டின் விலையை. வடிவத்தை மட்டும் தனியாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பே கொடுக்காமல் விருப்பத்தை எப்படி அளப்பது?

குறுக்குக்கோடு:
நல்ல வாதம். ஆனால் அளந்து பார்க்கும் செலவு யாருடையது? கேமரா நிறுவனங்களின் ஜப்பானியச் சங்கமான சிப்பா கணக்குப்படி 2010இல் 12 கோடிக்கு மேல் டிஜிட்டல் கேமராக்கள் அனுப்பப்பட்டன, 2023இல் 80 லட்சம்கூட இல்லை. இந்தச் சுருங்கிய சந்தையில் தனி சென்சார், தனி ஷட்டர் என்று ஒரு மாடலுக்காக இறங்க யாருக்குத் தைரியம் வரும்? பாடி விலையில் மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் நீங்கள் வாங்குவீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

வட்டமுகி:
சதுரம் வந்தால் வாங்குவேன். ஆனால் முதலில் அதே வட்டத்தில் 4:3 கொடுக்கட்டும். 34.6×26, பரப்பு 899. ஷட்டர் 2 மி.மீ. கூடுதலாக ஓடினால் போதும். உங்கள் 16 மி.மீ. லென்ஸ் 16.6 ஆகும். இதற்கு என்ன குறை சொல்வீர்கள்?

குறுக்குக்கோடு:
3:2ஆக வெட்டினாலும் 34.6×23 நிற்கிறது, பெரிய நஷ்டமில்லை. விலை ஏறாமல் வந்தால் சரி. தடுப்பு வைத்த லென்ஸ்களின் பட்டியலை மட்டும் நிறுவனம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். வாங்கியபிறகு மேலே கறுப்புக் கோடு தெரிந்தால் இங்கேதான் வந்து திட்டுவேன்.

ஓப்பன்கேட்:
34.6இல் 9:16 வெட்டினால் 14.6×26. எனக்கு அது போதாது. நான் சதுரத்துக்கே காத்திருக்கிறேன்.